லைப்ரரியும் சிஸ்டம் இமேஜும்

சென்ற திங்கள் நம் மன்றக் கூட்டம் முடிந்து, காபி அருந்தியவாறு வெளித் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். அப்போது முதலாண்டு மாணவர் ஒருவர் என்னை அணுகினார். "அண்ணா, லைப்ரரி என்றால் எனக்கு விளங்குகிறது. பிறர் எழுதி வைத்த நிரலை நாம் எடுத்து ஆள்கிறோம். ஆனால் ஆய்வகத்தில் சிஸ்டம் இமேஜ், சிஸ்டம் இமேஜ் என்று பேசிக்கொள்கிறார்களே, அஃது என்ன? அதுவும் ஒருவகை லைப்ரரிதானா?" என்று கேட்டார்.

"தம்பி, லைப்ரரி என்பது உறுப்பு, இமேஜ் என்பது முழு உடல்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். கேட்பதற்கு அழகாக இருந்தது. ஆனால் அறைக்குத் திரும்பிய பின்னர், நான் சொன்னது பாதி விடைதான் என்பது நெஞ்சை உறுத்தியது. மற்றப் பாதியை அறியாமையால் நானே ஒருமுறை பெரும் பிழை செய்திருக்கிறேன். அப்பிழை என்னோடு நின்றிருந்தால் கவலையில்லை. என்னை நம்பிய வேறொருவரையும் அது சுட்டது. ஆகவே அம்மாணவருக்குக் கடன்பட்ட முழு விடையை இங்கே எழுத முற்படுகிறேன். கணிப்பொறித் துறையைச் சாராத அன்பர்களும் தயங்காமல் படிக்கலாம். இன்று எத்துறையில் ஆய்வு செய்பவரும் ஏதேனும் ஒரு நிரலை நம்பித்தானே முடிவு காண்கிறோம்?

அலமாரியில் பிறந்த லைப்ரரி

லைப்ரரி என்னும் சொல் கணிப்பொறித் துறைக்கு வெறும் உவமையாக வந்து சேர்ந்ததன்று. உண்மையான அலமாரி ஒன்றிலிருந்தே அது வந்தது.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையில் எட்சாக் என்னும் கணிப்பொறி உருவாயிற்று. 1949-ஆம் ஆண்டு மே திங்களில் அது முதன்முதலாக ஓடியது. அக்காலத்தில் நிரலைக் காகித நாடாவில் துளைகளாக இட்டுப் பொறிக்கு ஊட்டுவர். கணக்கு எதுவாயினும் வர்க்கமூலம் காண வேண்டும், சைன் மதிப்புக் காண வேண்டும், விடையை அச்சிட வேண்டும். ஒவ்வொருவரும் இவற்றைத் தாமே புதிதாக எழுதினர். ஒவ்வொருவரும் புதிதாகத் தவறும் செய்தனர். தம் எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதி தம் நிரலிலுள்ள பிழைகளைத் தேடுவதிலேயே போய்விடும் போலும் என்று அந்நாளில் தமக்குத் தோன்றியதை வில்க்ஸ் பின்னர் நினைவு கூர்ந்திருக்கிறார்.

இதற்கு அவர்கள் கண்ட வழி எளியது. அடிக்கடி வேண்டப்படும் துணைநிரல்களை ஒருமுறை எழுதி, நன்கு சோதித்து, நாடாக்களாக அலமாரியில் அடுக்கி வைத்தனர். வேண்டியவர் எடுத்துத் தம் நாடாவில் படியெடுத்துக்கொள்வார். மூலத்தை மீண்டும் அலமாரியில் வைத்துவிடுவார். துணைநிரலுக்குள் சென்று வேலை முடிந்ததும் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரும் உத்தியை டேவிட் வீலர் வகுத்தார். வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் இம்முறையை விளக்கி 1951-இல் ஒரு நூலே வெளியிட்டனர்.

இன்றைய லைப்ரரியும் அந்த அலமாரியின் வழித்தோன்றலே. அதில் இரு வகை உண்டு. ஒன்று, கேம்பிரிட்ஜ் நாடாவைப் போல நம் நிரலுக்குள் படியெடுக்கப்பட்டு அதனோடு ஒன்றிவிடுவது. மற்றொன்று, படியெடுக்கப்படாமல் தனிக் கோப்பாகவே இருப்பது. இவ்விரண்டாம் வகையில் நம் நிரலில் அதன் பெயர் மட்டுமே குறிக்கப்பட்டிருக்கும். நிரல் ஓடத் தொடங்கும்போது இயக்க அமைப்பு அப்பெயரைத் தேடிக் கண்டு இணைத்துக் கொடுக்கும். பல நிரல்கள் ஒரே சமயத்தில் ஓடினாலும் நினைவகத்தில் அதன் நிரற்பகுதி ஒரு படியாகவே நின்று அனைத்திற்கும் பயன்படும். லினக்சில் எஸ்.ஓ. என்றும், விண்டோசில் டி.எல்.எல். என்றும் முடியும் கோப்புகள் இவ்வகையின.

பொது லைப்ரரியின் பெருமையை ஒரு நிகழ்ச்சி காட்டும். 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் லைப்ரரியில் ஒரு பெரும் ஓட்டை இருப்பது வெளியாயிற்று. உலகெங்கும் இணையத்தில் இரகசியம் காக்கும் பணியைச் செய்துவந்த லைப்ரரி அது. ஹார்ட்பிளீட் என்று அவ்வோட்டைக்குப் பெயரிட்டனர். அந்த லைப்ரரியைத் தனிக் கோப்பாக வைத்திருந்த கணிப்பொறிகளில் அந்த ஒரு கோப்பை மாற்றி, அதை ஆளும் நிரல்களை மீண்டும் தொடங்கினால் அத்தனை நிரல்களிலும் ஓட்டை அடைபட்டது. ஆனால் லைப்ரரியைத் தமக்குள் படியெடுத்து விழுங்கியிருந்த நிரல்களையோ ஒவ்வொன்றாகத் தேடி மறுபடி கட்ட வேண்டியிருந்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜாவா உலகின் லாக்ஃபோர்ஜே லைப்ரரியில் குறை கண்டபோதும் இதே துன்பம். குறையைத் திருத்துவதைவிட, எந்த மென்பொருளின் வயிற்றுக்குள் அந்த லைப்ரரி கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதே கடினமாயிற்று.

இதிலிருந்து லைப்ரரியின் இயல்பு மூன்று என்று கொள்ளலாம். அது தானாக ஒன்றும் செய்யாது. அழைத்தால் பணி செய்யும். அதற்குப் பெயரும் பதிப்பு எண்ணும் உண்டு. அதைக் கழற்றி வேறொன்றை மாட்டலாம். இந்த மூன்றாம் இயல்பை மட்டும் நினைவில் நிறுத்திக்கொள்ளுங்கள். கதை அங்கேதான் திரும்பப் போகிறது.

உறங்கி விழிக்கும் இமேஜ்

இனி இமேஜுக்கு வருவோம். முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிவிட வேண்டும். குறுந்தட்டின் முழுப் படியையும் இமேஜ் என்பர். 2013-இல் வெளிவந்த டாக்கர் என்னும் கருவியில் ஆளப்படுவதையும் இமேஜ் என்பர். அவையெல்லாம் வட்டிலுள்ள கோப்புகளின் தொகுதிகள். நம் மாணவர் கேட்டது வேறு. அஃது ஓடிக்கொண்டிருந்த நிரலின் நினைவகத்தைப் பிடித்து வைத்த படிமம்.

ஒரு நிரல் ஓடத் தொடங்கியதும் என்ன நிகழ்கிறது? லைப்ரரிகளைப் படிக்கிறது, அட்டவணைகளைக் கட்டுகிறது, சில மொழிகளில் செயற்கூறுகளை அப்போதே கம்பைல் செய்கிறது. இவ்வாறு நினைவகத்தில் ஆயிரக்கணக்கான பொருள்கள் உருவாகி, ஒன்றையொன்று சுட்டிக்கொண்டு வலைபோல் நிற்கின்றன. நிரலை நிறுத்தியதும் அவ்வலை முழுவதும் அழிந்துபோகிறது. மறுநாள் தொடங்கினால் அதே பாடு முதலிலிருந்து.

"இவ்வலையை அப்படியே கோப்பில் எழுதி வைத்து, மறுநாள் நேரே நினைவகத்தில் ஏற்றிவிட்டால் என்ன?" என்று சிலர் எண்ணினர். அவ்வெண்ணமே இமேஜ். சொல்வதற்கு எளிது, செய்வதில் நுட்பமுண்டு. பொருள்கள் ஒன்றையொன்று நினைவக முகவரியால் சுட்டுகின்றன. மறுநாள் அதே முகவரி கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே ஏற்றும்போது சுட்டிகளையெல்லாம் புதிய இடத்திற்கு ஏற்பத் திருத்த வேண்டும். திறந்திருந்த கோப்பு, பேசிக்கொண்டிருந்த இணைய இணைப்பு ஆகியவை வெளியுலகைச் சார்ந்தவை. அவை இமேஜுக்குள் உயிரோடு வாரா. விழித்தெழுந்ததும் புதிதாக ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

ஜான் மெக்கார்த்தி 1958-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் தொடங்கிய லிஸ்ப் மொழியின் வழிவந்த அமைப்புகள் இம்முறையை நெடுங்காலமாகப் போற்றி வருகின்றன. அவற்றுள் எஸ்.பி.சி.எல். என்னும் அமைப்பில் இமேஜை எழுதும் கட்டளையின் பெயரே வேடிக்கையானது: 'லிஸ்ப்பைச் சேமி, பிறகு செத்துப்போ' என்பது அதன் பொருள். இமேஜை எழுதி முடித்ததும் ஓடிய நிரல் உண்மையிலேயே முடிந்துவிடும். கோப்பு மட்டும் எஞ்சும்.

1970-களில் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ், அடேல் கோல்ட்பர்க் முதலியோர் உருவாக்கிய ஸ்மால்டாக் இதனினும் ஒரு படி மேலே சென்றது. அதில் மொழி, கருவிகள், திரையில் திறந்திருக்கும் சாளரங்கள் அனைத்தும் ஒரே இமேஜுக்குள் வாழும். மாலையில் சேமித்து மூடினால், காலையில் பாதி எழுதிய வரி பாதியிலேயே நின்று நம்மை வரவேற்கும்.

இவையெல்லாம் எங்கோ இருப்பவை என்று எண்ண வேண்டா. லாடெக் கொண்டு ஆய்வேடு எழுதும் ஒவ்வொருவரும் நாள்தோறும் இமேஜ் ஒன்றை ஆள்கிறோம். டொனால்ட் நூத் இயற்றிய டெக் அமைப்பில், ஏராளமான மேக்ரோக்களையும் சொற்களை வரிமுடிவில் பிரிக்கும் அட்டவணைகளையும் ஒருமுறை ஏற்றி, அந்நிலையை 'பார்மட்' என்னும் கோப்பாக எழுதி வைக்க வழி செய்துள்ளார். லாடெக் ஒவ்வொரு முறையும் அக்கோப்பிலிருந்தே விழித்தெழுகிறது. அதனால்தான் உடனே வேலை தொடங்குகிறது.

ஊரிலிருந்து வந்த சீசா

ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து விடுதியில் வாழும் நமக்கு ஓர் உவமை சொன்னால் இது தெளிவாகும்.

வீட்டுச் சமையலறையில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகு ஓர் அறையில், வெந்தயம் ஓர் அறையில், மிளகு ஓர் அறையில். எந்தக் குழம்பு வைத்தாலும் கை அப்பெட்டிக்குத்தான் போகும். வெந்தயம் கசந்தால் அவ்வறையை மட்டும் கொட்டிவிட்டுப் புதிது நிரப்பலாம். அதுதான் லைப்ரரி.

விடுமுறை முடிந்து இரயிலேறும்போது அம்மா ஒரு சீசா புளிக்காய்ச்சல் கொடுத்தனுப்புகிறார். கடுகும் வெந்தயமும் புளியும் உப்பும் நல்லெண்ணெயும் சேர்ந்து கொதித்து இறுகிய நிலையில் அது நம் கைக்கு வருகிறது. தேர்வு நாளில் விடுதிச் சோற்றில் இரண்டு கரண்டி கலந்தால் போதும், புளியோதரை ஆயிற்று. அடுப்பு வேண்டா, நேரம் வேண்டா. அதுதான் இமேஜ்.

ஆனால் உப்பு மிகுந்துவிட்டால்? சீசாவிலிருந்து உப்பை மட்டும் பிரித்தெடுக்க முடியுமா? இங்கே நம் அறையில் நல்ல உப்பு வாங்கி வைத்திருந்தாலும், அது சீசாவுக்குள் இருக்கும் உப்பை மாற்றிவிடுமா? ஊரில் அம்மா புதிதாகக் காய்ச்சி அனுப்பினால்தான் உண்டு. அவருக்குச் செய்முறை தெரியும், சீசாவுக்குத் தெரியாது.

ஒன்றுக்குள் ஒன்று

இனி இவ்விரண்டிற்கும் உள்ள உறவைக் காண்போம். புளிக்காய்ச்சல் அஞ்சறைப் பெட்டியிலிருந்து வருவதுபோல, இமேஜ் லைப்ரரிகளிலிருந்துதான் வருகிறது. முதலில் லைப்ரரிகளை ஏற்றி, பின்னர் அந்நிலையைப் பிடித்து வைக்கிறோம். ஆகவே லைப்ரரி முந்தியது, இமேஜ் பிந்தியது என்று சொல்லிவிடலாம் போலத் தோன்றும். ஆனால் நடைமுறையில் இரண்டும் ஒன்றன் வேடத்தை மற்றொன்று பூணுகின்றன. நான் ஆய்வுக்கு ஆளும் ஜூலியா மொழியைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

ஜூலியா 2012-இல் வெளியுலகுக்கு வந்தது. ஜெப் பெசான்சன், ஸ்டீபன் கார்பின்ஸ்கி, ஆலன் எடல்மன் ஆகியோருடன் நம் நாட்டவரான வைரல் ஷாவும் அதனை உருவாக்கிய நால்வருள் ஒருவர். எழுதிய நிரலை ஓடும்போதே பிராசசரின் மொழிக்கு மாற்றிக்கொள்ளும் இயல்புடையது அது. அதனால் கணக்கு விரைந்து ஓடும். ஆனால் முதல் முறை அழைக்கும்போது கம்பைல் செய்வதற்காகக் காத்திருக்க வேண்டும்.

மொழியின் அடிப்படைப் பகுதிகளுக்கே இப்படிக் காத்திருக்க நேர்ந்தால் யாரும் அதனைத் தொடமாட்டார்கள் அன்றோ? ஆகவே அப்பகுதிகளை முன்கூட்டியே ஏற்றிக் கம்பைல் செய்து, சிஸ்டம் இமேஜ் என்னும் கோப்பாக ஜூலியாவோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். ஜூலியாவைத் தொடங்கும்போதெல்லாம் இயக்கும் சிறு நிரல் அக்கோப்பைத்தான் முதலில் ஏற்றுகிறது.

அக்கோப்பு எவ்வடிவில் இருக்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். லினக்சில் அது எஸ்.ஓ. கோப்பு, அதாவது வடிவத்தால் அது ஒரு பொது லைப்ரரியே! இயக்க அமைப்பு பிற லைப்ரரிகளை ஏற்றுவது போலவே அதனையும் ஏற்றுகிறது. கம்பைல் ஆன நிரலும், உறங்கும் பொருள்களின் வலையும் அதற்குள் இருக்கின்றன. மறுபுறம், 2023-இல் வந்த ஜூலியா 1.9 பதிப்பு முதல் ஒவ்வொரு பேக்கேஜுக்கும் கம்பைல் ஆன நிலையைத் தனித்தனிச் சிறு இமேஜாகச் சேமித்து வைக்கிறார்கள். அங்கே லைப்ரரி இமேஜாகிறது. இங்கே இமேஜ் லைப்ரரியாகிறது.

ஆகவே கோப்பின் வடிவைக் கொண்டு இவற்றைப் பிரித்தறிய முடியாது. அவை விடை சொல்லும் கேள்வியைக் கொண்டே அறிய வேண்டும். லைப்ரரி, 'என்ன செய்ய முடியும்?' என்பதற்கு விடை. இமேஜ், 'எதுவரை செய்து முடித்தோம்?' என்பதற்கு விடை. ஒன்றில் அறிவு இருக்கிறது. மற்றொன்றில் நிலை இருக்கிறது. 'உறுப்பும் உடலும்' என்று நான் சொன்னதில் குறை இதுதான். உடலின் உறுப்பு மாறினால் உடலும் மாறும். இமேஜோ, தான் பிறந்த நொடியில் இருந்த உறுப்புகளையே பிடித்துக்கொண்டிருக்கும்.

நான் செய்த பிழை

2022-ஆம் ஆண்டில் நான் மழையளவிலிருந்து ஓர் ஆற்றின் நீர்வரத்தைக் கணக்கிடும் சிறு லைப்ரரி ஒன்றை ஜூலியாவில் எழுதியிருந்தேன். அந்நாளில் வரைபடம் வரையும் பேக்கேஜ்களை ஏற்றி முதல் படம் காண்பதற்கு என் கணிப்பொறி அரை நிமிடத்திற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். நாளொன்றுக்கு இருபது முறை தொடங்கும் எனக்கு அது பொறுக்கவில்லை. பேக்கேஜ்கம்பைலர் என்னும் கருவியைக் கொண்டு, வரைபடப் பேக்கேஜ்களையும் என் லைப்ரரியையும் ஒன்றாகச் சேர்த்துத் தனி சிஸ்டம் இமேஜ் ஒன்று செய்துகொண்டேன். நொடியில் தொடங்கியது. மகிழ்ச்சி தாங்காமல், அதே பொருளில் ஆய்வு தொடங்கியிருந்த இளைய நண்பர் ஒருவருக்கும் அக்கோப்பைக் கொடுத்தேன்.

சில திங்கள் கழித்து என் லைப்ரரியில் ஒரு தவற்றைக் கண்டேன். மழைமானி பழுதுற்று அளவு பதியாத நாட்களையும், மழையே பெய்யாத நாட்கள் என்று அது கணக்கில் கொண்டிருந்தது. உடனே திருத்தினேன், பதிப்பு எண்ணையும் உயர்த்தினேன், மறுபடி ஓட்டினேன். விடையில் கடைசித் தசமம்கூட மாறவில்லை!

அப்போதாவது நான் ஐயுற்றிருக்க வேண்டும். நானோ வேறு விதமாக எண்ணினேன். 'பதிவு விடுபட்ட நாட்கள் முடிவைப் பாதிக்கவில்லை போலும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதையே ஒரு கண்டுபிடிப்புப் போல வழிகாட்டும் பேராசிரியரிடமும் சொன்னேன். இளைய நண்பரும் என் சொல்லை நம்பி, தம் ஆய்வேட்டின் ஓர் இயலில் அவ்வாறே எழுதிவிட்டார்.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர் அவரே. விடுமுறையில் ஊருக்குச் சென்றவர், வீட்டுக் கணிப்பொறியில் இமேஜ் இல்லாமல் என் திருத்திய லைப்ரரியை இறக்கி ஓட்டிப் பார்த்திருக்கிறார். "அண்ணா, இங்கே நீர்வரத்து வேறாக வருகிறதே" என்று தொலைபேசியில் சொன்னார். அவருடைய கணிப்பொறியில்தான் கோளாறு என்று நான் சாதித்தேன். இதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. இரண்டு நாள் கழித்தே எனக்கு விளங்கியது. இமேஜுக்குள் இருந்தது பழைய லைப்ரரி. வெளியே நான் எத்தனை முறை திருத்தினாலும் ஜூலியா உள்ளே இருப்பதைத்தான் எடுக்கும். மேனிபெஸ்ட் கோப்பு புதிய பதிப்பு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது, ஓடியதோ பழையது. நான் புது உப்பை வாங்கி அருகில் வைத்துவிட்டுச் சீசாவிலிருந்த பழைய புளிக்காய்ச்சலையே சுவைத்துக்கொண்டிருந்தேன்.

இது கருவியின் குற்றமன்று. சிஸ்டம் இமேஜில் சேர்த்த பேக்கேஜ்கள் அப்போதைய பதிப்பிலேயே பூட்டப்பட்டுவிடும் என்பது அதன் கையேட்டிலேயே தெளிவாக எழுதப்பட்டுள்ளது. படிக்காதவன் நான். என் பிழைக்கு நான் சில வாரங்களை இழந்தேன். அந்நண்பரோ ஓர் இயல் முழுவதையும் மீண்டும் எழுத நேர்ந்தது. அவர் ஆய்வேடு அளிப்பது ஒரு பருவம் தள்ளிப்போயிற்று. அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

பெரியோர் கண்ட பாடம்

என்னைவிடப் பன்மடங்கு அறிந்தவர்களும் இத்தகைய இடரில் சிக்கி, அதிலிருந்து வழி கண்டிருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான சி.எம்.யு. காமன் லிஸ்ப் என்னும் அமைப்பு மிகச் சிறந்தது. ஆனால் அதன் புதிய இமேஜைக் கட்ட வேண்டுமானால், ஏற்கெனவே ஓடும் அதே அமைப்பின் பழைய இமேஜ் வேண்டும். ஓடுகின்ற பழையதைச் சிறிது சிறிதாக மாற்றியே புதியதை உண்டாக்கினர். தாயின்றிப் பிள்ளையில்லை என்பதுபோல், பழைய இமேஜ் கையில் இல்லாமல் மூல நிரல் மட்டும் இருந்தால் பயனில்லை. இக்குறையைப் போக்க வில்லியம் நியூமன் 1999-இல் அதிலிருந்து பிரித்து எஸ்.பி.சி.எல். என்னும் அமைப்பை உருவாக்கினார். வேறெந்தத் தகுந்த காமன் லிஸ்ப் அமைப்பைக் கொண்டும் அதனை மூல நிரலிலிருந்து முழுதாகக் கட்டலாம். இமேஜை அவர் கைவிடவில்லை. இமேஜ் இல்லாவிடினும் மீண்டும் பிறக்கும் வழியைத் திறந்து வைத்தார்.

ஸ்மால்டாக் அறிஞர்களும் இதனை முன்பே உணர்ந்திருந்தனர். அவ்வமைப்பில் இமேஜுடன் வேறு கோப்புகளும் உண்டு. மூல நிரலுக்கு ஒரு கோப்பு. நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுத்தாகப் பதிந்துகொண்டே செல்லும் கோப்பு மற்றொன்று. இமேஜ் பாழானாலும், அம்மாற்றப் பதிவைப் படித்து இழந்த வேலையை மீட்டுக்கொள்ளலாம்.

இமேக்ஸ் என்னும் புகழ்பெற்ற எழுதுகருவியின் வரலாறு வேறொரு பாடம் தருகிறது. அது விரைவாகத் தொடங்குவதற்காக, லிஸ்ப் லைப்ரரிகளை ஏற்றிய தன் நினைவகத்தையே ஓடும் கோப்பாக எழுதி வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அம்முறை, சி லைப்ரரி நினைவகத்தை எவ்வாறு பங்கிடுகிறது என்னும் உள்விவரத்தையே நம்பி நின்றது. அந்த லைப்ரரி மாறத் தொடங்கியதும் முறை தடுமாறிற்று. முடிவில் 2020-இல் வந்த இமேக்ஸ் 27-ஆம் பதிப்பில், இடம் மாறினாலும் ஏற்றத்தக்க புதிய வடிவுக்கு மாறினர். தான் நிற்கும் நிலத்தோடு இறுகப் பிணைந்த இமேஜ், நிலம் அசைந்தால் தானும் அசையும் என்பதே இதன் பொருள்.

நமக்கு உகந்த நெறி

இவற்றாலெல்லாம் இமேஜே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சீசாவில் வரும் புளிக்காய்ச்சலை வேண்டா என்று சொல்பவர் நம் விடுதியில் யார்? காலத்தை அது மிச்சப்படுத்துகிறது. சில வேளைகளில் மாறாமல் நிற்பதே அதன் சிறப்பும் ஆகும். சென்ற ஆண்டு எந்த நிரலால் விடை கண்டோமோ அதே நிரலை இன்றும் ஓட்டிக் காட்ட அது உதவும். வேண்டுவதெல்லாம் அளவும் அறிவும்தான். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை நான்கு சொற்களில் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, இன்னும் மாறிக்கொண்டிருப்பதை இமேஜுக்குள் இடாதீர்கள். பிறர் எழுதி நிலைபெற்ற பெரிய பேக்கேஜ்கள் உள்ளே இருக்கட்டும். நாள்தோறும் திருத்தும் உங்கள் சொந்த லைப்ரரி வெளியே இருக்கட்டும்.

இரண்டாவது, இமேஜை ஒருவருக்குத் தனியாகக் கொடுக்காதீர்கள். மூல நிரல், பதிப்புகளைக் குறிக்கும் மேனிபெஸ்ட், இமேஜைக் கட்டிய கட்டளை, கட்டிய நாள் ஆகிய அனைத்தையும் சேர்த்துக் கொடுங்கள். படிப்பை முடித்துச் செல்லும் மூத்த மாணவர்களுக்கு இதைச் சிறப்பாக வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் சென்ற பின் ஆய்வகத்தில் எஞ்சுவது சீசா மட்டும் ஆகிவிடக் கூடாது.

மூன்றாவது, இமேஜ் என்பது நினைவகத்தின் படி என்பதை மறவாதீர்கள். நினைவகத்தில் கடவுச்சொல் இருந்தால் அதுவும் கூடவே பயணம் செய்யும். கோப்பு யார் கைக்குப் போகிறதோ, இரகசியமும் அவர் கைக்குப் போகும்.

நான்காவது, இதுவே முதன்மையானது. முடிவென்று எதையும் எழுதுமுன் ஒருமுறையேனும் இமேஜை ஒதுக்கிவிட்டு, தொடக்கத்திலிருந்து லைப்ரரிகளை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். அரை நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கும். அந்த அரை நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய்த்தான் ஒரு நண்பரின் ஒரு பருவத்தை நான் செலவழித்தேன்.

'இமேஜும் ஒருவகை லைப்ரரிதானா?' என்று கேட்ட தம்பிக்கு இப்போது இவ்வாறு விடை சொல்வேன்: வடிவத்தால் சில இடங்களில் ஆம், பிறப்பால் லைப்ரரியின் பிள்ளை, இயல்பால் வேறு. லைப்ரரி தன்னைத் திருத்த இடம் கொடுக்கும். இமேஜ் திருத்தத்தை ஏற்காது. அதை மீண்டும் காய்ச்சத்தான் வேண்டும். காய்ச்சும் முறை கையில் இருக்கும் வரை இரண்டும் நமக்கு நன்மையே செய்யும்.